இடது மூலையில் வாசுகி வீட்டு போர்

சரவணம்பட்டி அலுவலகத்திலிருந்து மகள் கவிதா கூப்பிட்டபோது, ஒரு போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா, வாசுகி அக்கா போயிட்டாங்கப்பா." கையிலிருந்த கயிறு மட்டும் நிஜமாக இருந்தது. மற்றதெல்லாம் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் அலைந்தது.

அதே அலுவலகத்தில் அவரோடும் கவிதாவோடும் வேலை பார்த்த உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த வாசுகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு என் மோட்டார் கடைக்கு வந்தவர். நான் மோட்டார் மாட்டிய போர்களையெல்லாம் ஒரே படத்தில் பார்க்க ஆசை என்று மகளிடம் உளறியிருந்தேன். பத்தாம் வகுப்போடு கணக்கும் நானும் மனமொத்துப் பிரிந்தவர்கள். அதனால் நிதானமாகச் சொன்னார்.

"ஆழம் கம்மியான போர் சைபருங்ணா, அதிகமானது ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் கம்மியானதைக் கழிச்சு, அதிகத்துக்கும் கம்மிக்கும் இருக்கற வித்தியாசத்தால வகுத்தா, மத்ததெல்லாம் நடுவுல வந்து உக்காந்துக்கும். குறுக்கால, இடமிருந்து வலமா, தண்ணி வரத்துக்கும் இதே கணக்குதான்."

அதை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் அடித்து ஓடவிட்டார். சதுரத்துக்குள் புள்ளிகள் மினுங்கின.

"ஏனுங்க அம்மணி, ஆழமான போரெல்லாம் உச்சியில நிக்குது? ஏணி வெச்சா மோட்டார் மாட்டறது?"

விழுந்து விழுந்து சிரித்தார். "திரை மேலிருந்து கீழதானுங்ணா எண்ணும். பெருசு மேல வரட்டும்னு நாங்கதான் பழக்கத்துல திருப்பிப்போடறோம்." அப்படித் திருப்புவதற்காக எழுதியிருந்த, ஒன்றிலிருந்து கழிக்கும் துண்டை அழித்ததும், புள்ளிகள் மெல்லக் கவிழ்ந்து தத்தம் ஆழத்துக்கு இறங்கின. கம்ப்யூட்டருக்கே பாடம் எடுத்த மிதப்பில் நான் இரண்டு டீ சொன்னேன்.

சோதனைக்காக மதுக்கரையிலிருக்கும் தன் வீட்டு போரையும் சேர்த்திருந்தார். "பாதாளம் வரைக்கும் போயி ஒரு சொம்பு தண்ணி தருதுங்ணா எங்க ஊட்டு போர்." எல்லாவற்றிலும் ஆழம், எல்லாவற்றிலும் குறைந்த தண்ணீர். இடது பக்கம், கீழ் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

போன வாரம் கவிதா அந்தப் படத்தைத் திறந்தாள். "இது நீங்க மாட்டுன போர் இல்லீங்களேப்பா. பாக்கறப்பெல்லாம் அழுகை வருது. எடுத்துடட்டுங்களா?"

"எடுத்துரு கண்ணு."

எடுத்தாள். படம் முழுதும் நகர்ந்தது. பாதி ஆழத்தில் மிதந்த சென்னிமலை போர் தரை தட்டியது. மற்றவையும் கீழேயும் இடப்பக்கமுமாகச் சறுக்கின. பூமிக்குள் ஒரு குழாயும் அசையவில்லை. அவர் வீட்டுப் புள்ளியை வைத்துத்தான் அத்தனைக்கும் இடம் கணக்காகியிருந்தது என்பது என் மண்டைக்கு அப்போதுதான் ஏறியது.

"திருப்பிப் போட்டுரு கண்ணு."

போட்டாள். எல்லாம் பழைய இடத்துக்கு மிதந்து வந்தன.

கடை சாத்துமுன் இப்போது தினமும் அதைத் திறந்து பார்க்கிறேன். மூலையில் இருக்கிறார். அந்த ஒரு சொம்பு தண்ணீர் எனக்குப் போதும்.