பதினைந்து முதல் பதினெட்டு வரை

என் மாமாவுக்குக் கப்பலில் 'காது' என்று பெயர். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிற அளவுக்கு அவர் வீட்டில் தங்கியதும் இல்லை. சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். பேருக்குத்தான் ஆபீசர். மற்றவர்கள் கும்பலாகச் சீட்டாடும்போது இவர் மட்டும் மேல்தளத்துச் சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்காவது யாராவது மூழ்குகிறார்களா என்று கவனித்துக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருடம் இதுதான் பிழைப்பு.

அந்த அறைச் சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு அடித்திருக்கும். பதினைந்தாவது நிமிடத்திலிருந்து பதினெட்டு வரை ஒன்று, நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரை இன்னொன்று. முள் சிவப்புக்குள் நுழைந்துவிட்டால், அபாய அலைவரிசையில் எல்லாக் கப்பலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உயிர் போகிற பாட்டரியோடு ஒருவன் உதவி கேட்டால், அந்த மூன்று நிமிட அமைதியிலாவது அது யார் காதிலாவது விழட்டும் என்று போட்ட விதி. மூன்று நிமிடமும் காத்திருந்துவிட்டு, பதிவேட்டில் நேரம் போட்டு, 'அபாய அழைப்பு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாமா எழுதிய 'எதுவும் இல்லை'களைக் கட்டுக் கட்டாக அடுக்கினால் எங்கள் வீட்டுப் பரண் தாங்காது.

அவருடைய காவல் நேரமும் மற்றவர்களின் சாப்பாட்டு நேரமும் ஒத்துவராது. ஆறிப்போன தட்டோடு தனியாகத்தான் சாப்பாடு. மாலுமிகள் வீட்டோடு பேச அவர்தான் இணைப்புப் போட்டுத் தர வேண்டும். ஆகவே யார் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், யார் பையன் பரீட்சையில் கோட்டை விட்டான் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதை வெளியே மூச்சு விடக் கூடாது என்பதும் விதி. அவர் விடவும் மாட்டார். ஆனாலும் அவர் எதிரே உட்கார எல்லோருக்கும் கூச்சம். பாவம், ஊர் ரகசியத்தையெல்லாம் வைத்துக்கொண்டு பேச ஆளில்லாமல் இருந்த மனிதர்.

என் தாத்தா இறந்தபோது மாமா நடுக்கடலில் இருந்தார். தந்தியை அவரே ஹெட்போனில் கேட்டு, தன் கையால் எழுதி வாங்கியிருக்கிறார். கப்பல் கரை சேரப் பதினெட்டு நாள். என் அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "பெத்த அப்பனுக்கு வராதவன் எனக்குத் தம்பியே இல்ல" என்றாள். நாலு வருடம் ஒரு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. அம்மாவின் வீம்பு சாதாரண வீம்பல்ல.

ஐந்தாவது வருடம் நான் ஒரு வேலை செய்தேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தபாலாபீசில் கப்பலுக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, அம்மாவை ஏதோ சாக்குச் சொல்லி இழுத்துப்போனேன். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகு, நாலு மணி பதின்மூன்று நிமிடத்துக்கு இணைப்புக் கிடைத்தது. அம்மா ரிசீவரை வாங்கினாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான். அடுத்த ஆள் பூத் கதவைத் தட்டும்போதுதான் வாயைத் திறந்தாள். "சாப்பிட்டியாடா?"

அந்த நொடியில் கப்பலில் என்ன நடந்தது என்று அம்மா இறந்த பிறகுதான் மாமா என்னிடம் சொன்னார்.

"அக்கா பேச ஆரம்பிச்சா. முள்ளு சிவப்புக்குள்ள போச்சு. 'மூணு நிமிஷம் பொறு அக்கா'ன்னு சொல்லணும். சொன்னா வச்சிட்டுப் போயிடுவா. அவளை எனக்குத் தெரியாதா? பேசிட்டேம்மா. அபாய அலைவரிசைப் பக்கம் காதே வைக்கல."

மாமா அறையில் இல்லாத நேரத்தில் காவல் காக்க ஓர் இயந்திரம் உண்டு. அவர் உள்ளே இருந்தால் அது அணைந்திருக்கும். ஆக அந்த மூன்று நிமிடம் அந்தக் கப்பலில் யாருமே கவனிக்கவில்லை. பேசி முடித்ததும் பழக்கதோஷத்தில் கை பாட்டுக்கு எழுதிவிட்டது: 4.15 முதல் 4.18 வரை, அபாய அழைப்பு எதுவும் இல்லை. கையெழுத்து வேறு.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கேப்டனிடம் போய்ச் சொன்னார். கேப்டன் சிரித்திருக்கிறார். "யாருக்குய்யா தெரியப்போவுது? பேசாம போய்ப் படும்."

மாமா போய்ப் படுக்கவில்லை. பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, ஒரே கோடுதான் போட்டு அடிக்கலாம். அப்படி அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'காவல் காக்கவில்லை. சொந்த அழைப்பில் பேசிக்கொண்டிருந்தேன்.' அடுத்த துறைமுகத்தில் சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் பறிபோனது.

மாமா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்காகவே ஆறு மாசம் லீவு போட்டுட்டு வந்துட்டான் என் தம்பி" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். மாமா மறுக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் அவள் தன் தலையில் அல்லவா பழியைப் போட்டுக்கொள்வாள்! அம்மா மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். அவர் பழுதான மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்தார், எங்களோடு சிரித்தார். அம்மா சாகும்வரை, இன்னும் பத்தொன்பது வருடம், அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த டிரங்க் காலைப் பதிவு செய்தவள் நான். இத்தனை வருடம் தனியாகச் சுமந்துவிட்டு இப்போது வந்து சொல்கிறாரே என்றுதான் கோபம்.

"மூணே மூணு நிமிஷம் மாமா. அன்னிக்கு ஏதாவது கப்பல் முழுகிச்சா?"

"போன துறைமுகத்துல எல்லாம் விசாரிச்சேன். அப்படி ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம் என்னதான் உங்க கவலை?"

மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார். "யாராவது கூப்பிட்டிருந்தா, அவங்க வந்து சொல்ல முடியாதேம்மா."