நாலரை இஞ்ச் சுவரும் அப்பாவின் ரைபிளும்

அப்பாவுக்குத் துப்பாக்கி உரிமம் கிடைத்தபோது, அவரைத் தவிர வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறியவர்களைக் கீழே நின்று திட்டியதைத் தவிர வேறு எந்த வன்முறையிலும் ஈடுபடாதவர். எதற்கு இந்தத் துப்பாக்கி என்று கேட்டால், கொட்டாம்பட்டிப் பக்கம் நான்குவழிச் சாலையோர வீடுகளில் திருட்டுப் பயம் என்பார். அது எடுபடாவிட்டால் காட்டுப்பன்றி என்பார். "நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டால் மட்டும் பேப்பரை விரித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவரிடமிருந்து பழைய ரைபிள் ஒன்றை முறைப்படி வாங்கிவந்து பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி வாங்க வேண்டியது தோட்டாதான்.

நான் காளவாசலில் பல் மருத்துவம் பார்க்கிறேன். தொந்தரவு கொடுப்பதை உடனே பிடுங்கிப் போட்டுவிட வேண்டும் என்கிற புத்தி எனக்கு. அப்படிப்பட்ட என்னை, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் போதும், அப்பா பிடித்து உட்காரவைத்து செல்போனை முகத்துக்கு நேரே நீட்டுவார். யாரோ ஒரு வெள்ளைக்காரர், தாடியும் தொப்பியுமாக, மேசை நிறையத் தோட்டாக்களைப் பரப்பி, வீட்டுக்குள் திருடன் புகுந்தால் எது உத்தமம் என்று விளக்கிக்கொண்டிருப்பார்.

"என்ன சொல்றான்னு சொல்லு" என்பார் அப்பா.

நானும் சொல்வேன். அந்த ஆளின் வீட்டு வராந்தா எங்கள் கடலைக்காட்டைவிட நீளம். திருடன் அந்த முனையில் தெரிந்தால் இந்த முனையில் காபி குடித்துவிட்டு நிதானமாகச் சுடலாம். எங்கள் ஹாலுக்குள் ஒரு திருடன் நுழைந்தால் அவன் அப்பா மடியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே மனையில், ஒரே கொத்தனாரை வைத்து, ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டினார்கள். நடுவில் ஒரு பொதுச்சுவர். ஒன்பது இஞ்ச் வைக்கலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். "அண்ணன் தம்பிக்குள்ள எதுக்குய்யா ஒம்பது இஞ்ச்?" என்று இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டு, நாலரை இஞ்சில் எழுப்பச் சொன்னார்களாம். முழுக்க முழுக்கப் பாசத்தில் கட்டிய சுவர். அந்தப் பக்கம் சித்தப்பா தும்மினால் இந்தப் பக்கம் அம்மா "நூறு" என்பாள்.

போன வருடம் அப்பாவுக்கு மாடி எடுக்க ஆசை வந்தது. "இந்தச் சுவரு தாங்காதுண்ணே" என்றார் சித்தப்பா. "நான் உசந்துறக் கூடாதுன்னு பாக்குற" என்றார் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது. தும்மலுக்கு நூறு சொல்வது மட்டும் நிற்கவில்லை. அப்பா முறைப்பார். வாய்தவறி வந்துவிட்டது என்பாள் அம்மா. அதற்கு முன் ஒரு நாள்கூடத் தம்பி முகத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை அப்பா. அந்த ஒரு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டார். கேட்டால் சர்க்கரை என்றார். எனக்கு இரண்டு பேர் மீதும் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

தோட்டா வாங்க நான்தான் காரில் கூட்டிப் போனேன். சிம்மக்கல்லில் மொத்தவியாபாரக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது அந்தத் துப்பாக்கிக் கடை. கடைக்கார பாய் நல்ல வாயாடி. துப்பாக்கியைவிட டார்ச் லைட்டுகள்தான் அங்கே அதிகம் இருந்தன.

"வாங்கண்ணே, உக்காருங்க. தோட்டா எதுக்கு, பன்னிக்கா?"

"வீட்டுக்கு. திருடன் கிருடன் வந்தா."

பாய் இரண்டு தோட்டாக்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் நிறுத்தினார். "இது மூக்கு கெட்டி. நேரா போகும். இது மூக்கு மெத்துன்னு இருக்கும். பட்ட எடத்துல விரிஞ்சிரும்."

அப்பா இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்தார். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இம்புட்டு யோசிக்கவில்லை. "இதுல எது சுவத்தைத் தாண்டாது?"

"எந்தச் சுவரு? ஒம்பதா, நாலரையா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "நாலரை" என்றேன் நான்.

"அண்ணே, இது ரைபிள் தோட்டா. கெட்டியோ மெத்தோ, திருடனைத் தாண்டி, சுவத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் போயி சௌக்கியமான்னு விசாரிச்சுட்டுத்தான் நிக்கும். அந்தப் பக்கம் யாரு குடியிருக்கா?"

"யாரோ இருக்காக" என்றார் அப்பா.

"என் சித்தப்பா" என்றேன்.

பாய் இரண்டு தோட்டாக்களையும் டப்பாவுக்குள் போட்டு மூடினார். "ஒரு டார்ச் தரட்டுமா? கண்ணு கூசுற வெளிச்சம். திருடன் தானா ஓடிருவான்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் சுடலாம் என்று வீட்டில் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். டார்ச்சை நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியமே ஆராய்ச்சி தொடங்கியது. அப்பா ஹால் நடுவில் நின்று கையைத் துப்பாக்கியாக நீட்டினார். "அங்கிட்டு ஃப்ரிட்ஜ் இருக்கு" என்றாள் அம்மா. திரும்பினார். "அது அடுப்படி. சிலிண்டரு இருக்கு." மறுபடி திரும்பினார். "அங்கிட்டு ரோடு. பஸ்ஸுக்கு நிக்கிற சனம் என்ன பாவம் பண்ணுச்சு?" மீதி இருந்தது பொதுச்சுவர் மட்டும்தான். "வர்ற திருடன்கிட்ட, அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு நான் வேணா சொல்லிப் பாக்குறேன்" என்றாள் அம்மா. அப்பா அதைக் காதில் வாங்காமல், எங்காவது கெட்டியாக இருக்கிறதா என்று பொதுச்சுவரை விரல்முட்டியால் தட்ட ஆரம்பித்தார். தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், ஓரடி நகர்ந்து மறுபடி தட்டுவார்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. பிறகு இரும்புக் கட்டிலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. சுவரோரம் கிடந்த சித்தப்பாவின் கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே தூரமாகப் போனது. அடுத்து கனமாக எதையோ தள்ளிவந்து சுவரில் முட்டுக்கொடுத்தார்கள். பீரோவாக இருக்க வேண்டும்.

அண்ணன் துப்பாக்கி வாங்கியது தம்பியைச் சுடத்தான் என்று ஊரில் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கும் வந்திருந்தது. நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். சித்தப்பா வீட்டில் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பா சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை. "என்னையப் பாத்தா பயப்படுறான்?" என்று அம்மாவிடம் கேட்டார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் பீரோவைத் திறந்தார். ரைபிளை வெளியே எடுத்தார்.

"ஏங்க, சமாதானம் பேசப் போறவுக அதையா தூக்கிட்டுப் போவாக?" என்று அம்மா அலறினாள்.

"வெறுந்துப்பாக்கின்னு அவன் கண்ணால பாக்கணும்."

பனியனும் கைலியுமாக, கையில் ரைபிளோடு அப்பா தெருவில் இறங்கினார். நான் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பட்டப்பகலில் அது எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சித்தப்பா வாசலிலேயே நின்றார். சித்தி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா ரைபிளைத் திறந்து, உள்ளே காலி என்று காட்டினார்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். "தோட்டா எங்க?"

"வாங்கல. விசாரிச்சேன். எந்தத் தோட்டாவ வாங்குனாலும் ஒன் வீட்டுக்குத்தான் வருதாம்."

"சுவரு தாங்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"தாங்காதுதான்டா" என்று ரைபிளை மூடி நீட்டினார் அப்பா. "இந்தா, பிடி."

சித்தப்பா ரைபிளை வாங்கிய வேகத்தில் அதைத் தோளில் சாத்தினார், மண்வெட்டியைச் சாத்துவது போல, குழல் முதுகுப் பக்கம் இருக்க. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"அய்யா மாதிரியே தூக்குறடா."

அய்யா என்பது என் தாத்தா. ஊர்ப் பெரிய வீட்டில் கூலிவேலை பார்த்தவர். பெரிய வீட்டுக்காரர் வேட்டைக்குப் போகும்போது அவர் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பது தாத்தாவின் வேலை. சுடுகிற இடம் வந்ததும் முதலாளி வாங்கிக்கொள்வார். ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தபோது விசையில் விரல் பட்டுவிட்டது என்று தாத்தா அந்த முதலாளியிடம் கன்னத்தில் அறை வாங்கினாராம். சின்னப் பையன்களாக அப்பாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்பா இதை என்னிடமோ அம்மாவிடமோ ஒருநாளும் சொன்னதில்லை. திருடன், காட்டுப்பன்றி என்றே எங்களைச் சமாளித்தவர், நடுத்தெருவில் நின்று அன்றுதான் சொன்னார்.

"இறக்குடா. இது சுமக்குறதுக்கு இல்ல." அப்பா ரைபிளைத் தம்பியின் தோளிலிருந்து எடுத்து, அவர் கைகளில் சரியாக வைத்து, குழலை வானத்தைப் பார்க்கத் தூக்கிவிட்டார். "அமுக்கு."

"வேணாம்ணே."

"அமுக்குடா. யாரு அடிப்பா?"

சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை அழுத்தினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அண்ணனும் தம்பியும் வாய்விட்டு அழுதார்கள். சட்டையைப் பிடித்திருந்த சித்தியும் கையை விட்டுவிட்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா அமுக்கிக்கிறட்டுமாண்ணே?" என்று கேட்டார் சித்தப்பா.