நாலு விரல் உயரம்

வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டிக்கொண்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். வாழவந்தியிலிருந்து எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் ஹாரன் அடித்து விலக்க ஆளும் கிடையாது, மாடும் கிடையாது. எனக்குக் கேட்கத்தான் அடிக்கிறார் என்று தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"எப்படி இருக்குது?" என்றார், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு.

எங்கள் எஸ்.யூ.வி. யாரோ ஓட்டி விற்ற பழைய வண்டிதான். எனக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று முடிவானதும், இனி பஸ் படி ஏறமாட்டாள் என்று எனக்காகவே வாங்கினார். ஆபரேஷன் முடிந்து சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீட்டுக்கு வந்தேன். அடக்கமாக இருந்த அந்த வண்டி இப்போது கறுப்பு அலாய் வீலும் டிராக்டருக்குப் போடுகிற மாதிரி முண்டு முண்டான டயருமாக நின்றது. ஸ்பிரிங்குக்கு அடியிலும் எதையோ வைத்துத் தூக்கியிருந்தார்கள். பக்கவாட்டில் கால் வைத்து ஏறும் ஃபுட்போர்டைக் காணோம். பாறையில் இடிக்கும் என்று கடைக்காரர் கழற்றிவிட்டாராம்.

"இந்த வயசுல பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தாரே தவிர, எதற்கு மாட்டினேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலேஜ் பையன்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு வாய் முந்தும், காது பிந்தும்.

"ஏறித்தான் பாரு புள்ள."

ஏற முடியவில்லை. முன்னைவிட நாலு விரல்தான் உயரம். நல்ல காலுக்கு அது ஒரு கணக்கே இல்லை. என் கால் பாதி தூரம் மடங்கி, அதற்கு மேல் மாட்டேன் என்றது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தலையைச் சொறிந்தபடி வண்டியைச் சுற்றி வந்தவர், திடீரென்று ஏறி அதைப் பின்னால் எடுத்து வாசலின் ஓரத்தில் ஒட்டி நிறுத்தினார். மலையில் வீடு கட்டினால் வாசல் ஒரு மட்டம், பாதை ஒரு மட்டம். எங்கள் வாசல் பாதையைவிட முழங்கால் உயரம் மேலே. அங்கிருந்து காலை எடுத்து வைத்தால் அடுத்த அறைக்குப் போவது போல சீட்டில் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தேன். இறங்கும்போதும் அதே கரைதான். அவ்வளவுதான் பிரச்சினை, தீர்ந்தது என்று இரண்டு பேரும் நினைத்தோம். பூமியில் சமதளம் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் நான் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். கால் சரியானால் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வெறுங்காலோடு, யார் துணையும் இல்லாமல் என் காலாலேயே நடந்து போய்ச் சாமி முன்னால் நிற்பேன் என்று. அந்த நாள் வந்தது. கொஞ்ச தூரம் கோல் இல்லாமல் நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கோலையும் செருப்பையும் வீட்டில் விட்டேன். முந்தின நாள் பெய்த கோடை மழையில் வாசல் செம்மண் குழைந்து கிடந்தது. அந்தக் கரையிலிருந்து நேராக வண்டிக்குள் கால் வைத்தேன். வீட்டுக்காரர் சலவை வேட்டி கட்டியிருந்தார்.

வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோதெல்லாம் டயர் உள்ளே எதிலோ உரசிக் கரகரவென்றது. "வண்டிக்கும் முட்டி வலிக்குதாட்ட இருக்குது" என்றேன்.

சேர்வராயன் கோயில் மலையுச்சியில் ஒரு குகைக்குள் இருக்கிறது. ஆனால் அந்த உச்சி மைதானம் மாதிரி சமதளம். கதவைத் திறந்து காலைத் தொங்கப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தரை எங்கோ கீழே கிடந்தது. பிடிக்கக் கரையில்லை, மேடில்லை.

ஒரு கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டார். கால் வைத்ததும் ஈர மண்ணில் ஒரு பக்கம் புதைந்து சாய்ந்தது. பதறி மறுபடி உள்ளே உட்கார்ந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் கூடினார்கள்.

"ஏனுங்க அக்கா, எறங்கலீங்களா? நாங்க நாலு பேரு தூக்கி எறக்கட்டுங்களா?" என்றாள் ஒருத்தி.

"கூட்டம் கொறையட்டும், நீங்க போங்க" என்று பொய் சொன்னேன். மூட்டை மாதிரி தூக்கி இறக்கினால் என் வேண்டுதல் என்னாவது? மேளம் கேட்கிறது. கோயிலும் கண்ணுக்குத் தெரிகிறது. நான் மட்டும் உற்சவ மூர்த்தி போல உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அழுகை முட்டியது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"யாரைக் கேட்டுங்க இந்த டயரை மாட்டுனீங்க?" என்று கத்தினேன். "உங்க சோக்குக்கு நான் இங்கயே உக்காந்து கெடக்கோணுமா?"

அவர் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு, நம்ம ஊட்டுப் பாதையில வண்டி அடி பாறையில மோதுச்சே, நெனப்பிருக்குதா? அப்ப நீ கத்துனயே புள்ள. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுலயே நிக்குது. அந்தப் பாறைய ஒடைக்கலாம்னு பக்கத்து எஸ்டேட்ல போய்க் கேட்டேன், அது எங்க எடம்னு உடமாட்டேன்னுட்டாங்க. வண்டியத் தூக்கிட்டா இடிக்காதுன்னுதான்..."

நான் கத்தியதையே நான் மறந்திருந்தேன். இன்று காலையும் அந்தப் பாறை மேல்தான் வந்திருக்கிறோம். இடித்ததாக நினைவே இல்லை.

அவர் வண்டி ஓரமாக ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். மடங்கிய மற்றக் காலின் தொடையைத் தட்டிக் காட்டினார்.

"இதுல மிதிச்சு எறங்கு."

"ஐயோ, என்னங்க இது? ஊரே பாக்குது."

"பாக்கட்டும். உன் காலுலதான எறங்கற?"

கட்டின நாளிலிருந்து நாலு பேர் எதிரில் என் கையைக்கூடப் பிடித்தவர் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தை அவர் தொடையில் வைத்தேன். அசையாமல் இருந்தார். அடுத்த காலைத் தரையில் வைத்தேன். பிறகு கோயிலுக்கு நானே நடந்தேன். அவர் ஓரடி பின்னால் வந்தார், பிடிக்காமல்.

குகைக்குள் குனிந்து போய்ச் சாமி முன்னால் நின்றபோதுதான் பக்கத்தில் பார்த்தேன். சலவை வேட்டியில், தொடைக்கு நேராக, எங்கள் வாசல் செம்மண்ணில் என் பாதம் ஐந்து விரலோடு பதிந்திருந்தது. பதறித் துடைக்கக் கையை நீட்டினேன். அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டார்.

"உடு, இருக்கட்டும். சாமியக் கும்புடு."

கும்பிட்டேன். கண் மட்டும் சாமி பக்கம் போகவேயில்லை.