ஒரு வீட்டுக்கு இரண்டு மணிக்கூடு

அடுத்தவர் ஆசைப்படுவதை "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் கடன் சங்கத்தில் வேலை. சம்பளம் வந்த வேகத்தில் போன இடம் தெரியாமல் விழிக்கும் வாசகர்களுக்கு இதன் சங்கடம் விளங்கும். யுத்த காலத்தில் திருகோணமலையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் பட்டம் பெற்றவள் நான் மட்டும். வேலை நிரந்தரமாகும் வரை ஒரு பிழையும் விடக்கூடாது என்ற பயத்திலேயே பேனையைப் பிடித்தேன். தேவைக்குக் கடன் கொடுக்கலாம், விருப்பத்துக்குக் கூடாது. சங்கத்தின் விதி அவ்வளவுதான்.

விதியை விளங்கிக்கொண்டவர்

இது நான் கண்டதல்ல, எங்கள் முகாமையாளர் சொல்லக் கேட்டது. கிண்ணியாவிலிருந்து படகேறி வந்த வியாபாரி ஒருவர், பாட்டுக் கேட்க ரேப் ரெக்கோடர் வாங்கக் கடன் கேட்டாராம். முகாமையாளர் விதியைப் பொறுமையாக விளக்கி, "இது தேவையா, விருப்பமா?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "தேவையெண்டு சொன்னாத்தான் தருவீங்களா மகன்? அப்ப அது தேவைதான், எழுதுங்க."

மாரி வானம்

மகேஸ்வரி அக்காவின் கணவர் கடற்றொழில் செய்பவர். அவருக்குக் கைமணிக்கூடு வாங்கக் கடன் வேண்டும் என்று அக்கா வந்தார். எங்கள் வீட்டில் யாருமே மணிக்கூடு கட்டியதில்லை. எனக்கு அது விருப்பமாகவே தெரிந்தது. "பொழுதைப் பார்த்தே கரைக்கு வரலாந்தானே, அக்கா?" என்றேன்.

அப்போது கடலுக்குப் போகிறவர்கள் கடற்படையிடம் பாஸ் எடுத்துப் போய், குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பிந்தினால் பிடித்துக்கொண்டு போவார்கள், சுடவும் கூடும். அக்கா குரலை உயர்த்தவில்லை. "கோடையில பொழுதைப் பார்க்கலாம் மிஸ். மாரியில வானம் கறுத்துக் கிடந்தால் எதைப் பார்க்கிறது? நேவிக்காரன் தன்ரை மணிக்கூட்டைத்தான் பார்ப்பான்."

'தேவை' என்று எழுதினேன். அவர் போன பிறகு முகாமையாளர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, இனி ஊரெல்லாம் மணிக்கூடு கேட்டு வரப்போகுது."

இரண்டாவது விண்ணப்பம்

ஊர் வரவில்லை. அக்காதான் மறுபடி வந்தார். பழைய கடனைக் கட்டி முடித்திருந்தார். இந்த முறை மணிக்கூடு தனக்காம். முகாமையாளர் தன் கதிரையை என் மேசைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு மணிக்கூடோ? இது சுத்த ஆடம்பரம். மேலிடத்தில கேட்டால் நீர்தான் பதில் சொல்ல வேணும், பிள்ளை." என்னை நிரந்தரமாக்க வேண்டியவரும் அவர்தான். நான் அக்காவைப் பார்த்தேன். "வீட்டில ஏற்கெனவே ஒண்டு இருக்குதே, அக்கா?"

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. முகாமையாளரைப் பார்த்துத்தான் சொன்னார்: "அது அவரோட கடலுக்குப் போகுது, ஐயா. எப்ப பயப்படத் தொடங்கிறதெண்டு நான் கரையில நிண்டு ஆரைக் கேக்கிறது?"

முகாமையாளர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்து வைத்தார். பிறகொரு நாள் அக்காவின் கையைப் பார்த்தபோது, முகாமையாளர் சொன்ன ஆடம்பரமும் பொய்யில்லை என்று தெரிந்தது: அவர் வாங்கியது தங்க முலாம் பூசிய, பூப்போட்ட மணிக்கூடு. ஆனால் எங்கள் சங்கக் கந்தோர்ச் சுவர் மணிக்கூட்டைவிட அதுதான் சரியான நேரம் காட்டியது.