ருக்மணி சிஸ்டரின் உடைந்த பல்

எங்கள் அரசு கண் மருத்துவமனையில் காலை ஓ.பி. சீட்டு வரிசை கேட் வரை நின்றபோது போன் வந்தது. ருக்மணி சிஸ்டரின் மகள் கவிதா.

"அண்ணா, அம்மா போயிட்டாங்க. கண்ணெடுக்க டீமைக் கூட்டிட்டு வாங்க. பெரிய மாமா அரிவாளோட வாசல்ல உக்காந்திருக்காரு."

பாவம், அழக்கூட அவளுக்கு அவகாசமில்லை. சிஸ்டர் தானமாக எழுதிவைத்த கண்களைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

நான் அங்கே கண் பரிசோதகன். சிஸ்டர் ஓய்வு பெறும்வரை கூட வேலை பார்த்தவன். பெரியாஸ்பத்திரி வளாகத்தில் ஒழுகுகிற இரண்டு அறையாகக் கண் பிரிவு இருந்த காலத்திலேயே அவர் வந்துவிட்டார். தனிக் கட்டடமும் தியேட்டரும் மடத்துக்குளம் வரை போய்ப் பெரியவர்களைப் புரை ஆபரேஷனுக்கு ஏற்றி வரும் முகாம் வண்டியும் பிறகு வந்தவை. ஆனால் எங்கள் ஊரில் வயதாகித்தான் கண் போக வேண்டுமென்பதில்லை. பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஊசி முறிந்து கருவிழியில் ஏறும். சாயப்பட்டறையில் காஸ்டிக் காரம் தெறிக்கும். கையுறை கொடுக்கும் முதலாளிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்க மனம் வராது. சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படித்தான் ஒருநாள் சரவணன் என்ற சாயப்பட்டறைப் பையனைத் தூக்கி வந்தார்கள். முகமெல்லாம் காஸ்டிக். கூட வந்தவர்கள், "உடனே அசிட்டிக் ஆசிட் ஊத்திட்டமுங்க" என்றார்கள், பெருமையாக! சாயத் தொட்டியில் காரம் ஏறினால் ஆசிட் விட்டு அடக்குவது பட்டறை வழக்கம். அதையே கண்ணுக்கும் செய்திருக்கிறார்கள்.

"அடப்பாவிகளா, அது தொட்டியா, கண்ணாடா?" என்று கத்தினார் சிஸ்டர்.

துடித்தவன் மார்பில் முழங்காலை ஊன்றி, இமையை விரித்துப் பிடித்து, சலைனைத் திறந்துவிட்டார். காலைப் பிடித்த என்னை அவன் உதைத்த உதையில் சுவரில் போய் மோதினேன். அடுத்த குத்து சிஸ்டரின் வாயில் விழுந்தது. முன்பல் பாதியாக உடைந்து தெறித்தது. தாடையில் ரத்தம் வழிய அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது:

"அடி கண்ணு, எத்தனை வேணாலும் அடி. கண்ண மட்டும் மூடாத."

பாட்டில் மேல் பாட்டிலாக ஊற்றினோம். இடது கண் வெந்து வெளுத்துவிட்டது. வலது கண் பிழைத்தது.

பல்லைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "இருக்கட்டுமுங்க. பட்டறை பட்டறையாப் போயி, தண்ணி மட்டும் ஊத்துங்கடான்னு சொல்றப்ப வாயத் தொறந்து காட்டோணுமல்லோ?" என்று சிரித்தார். விடுமுறை நாட்களில் போய்க் காட்டவும் செய்தார். பிறகு அந்த ஆசிட் கூத்து வெகுவாகக் குறைந்தது.

பொங்கலூரில் அவர் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியதும் அண்ணன்காரர் எழுந்தார். "என்ற தங்கச்சியக் குருடியாவா அனுப்பறீங்க? காலெடுத்து வெச்சா வெட்டிப்போடுவேன்!"

சாவுச் செய்தி கேட்டு எங்களுக்கு முன்பே வந்திருந்த சரவணன் குறுக்கே போய் நின்றான். அரிவாளின் பின்புறம் அவன் நெற்றியைப் பிளந்தது. இருக்கிற ஒற்றைக் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவன் கையைத் தூக்கவுமில்லை, கண்ணை மூடவுமில்லை.

"அடிங்க சாமி, எத்தனை வேணாலும் அடிங்க. இவங்கள மட்டும் உள்ள உடுங்க."

"யார்றா நீ?"

"அவங்க பல்ல ஒடச்சவன் நாந்தானுங்க. அப்பவும் அவங்க கைய எடுக்கலீங்க."

போச்சு, இவனை வெட்டப்போகிறார் என்றே நினைத்தேன். பெரியவர் அவன் முகத்தையே பார்த்தார். அரிவாளை எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ ருக்கு!" என்று அலறி உட்கார்ந்தார். நாங்கள் உள்ளே போனோம்.

மூடிய இமைகள் மேல் கவிதா ஈரப் பஞ்சு வைத்திருந்தாள். அம்மா சொல்லித் தந்ததாம். வேலை முடிந்து இமைகளை மூடினேன். முகம் மாறவே இல்லை. உதட்டிடையே அந்தப் பாதிப் பல் தெரிந்தது.

நெற்றியில் கட்டுடன் சரவணன், கண்கள் இருந்த ஐஸ் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் வண்டி வரை சுமந்து வந்தான்.

போய் வாருங்கள் சிஸ்டர். நீங்கள் கையை எடுக்கலாம், நாங்கள் பிடித்துக்கொண்டோம்.