மணி இல்லாத ஜீப்

மாறுதல் ஆணை பெற்ற ஊழியர், தம் பொறுப்பில் உள்ள பொருட்களைப் பட்டியல்படி ஒப்படைத்ததும் காலதாமதமின்றி விடுவிக்கப்பட வேண்டும். இதுதான் விதி. பணியில் இருந்த காலம் முழுக்க இந்த வாக்கியத்தை நான் பிறருக்கு எடுத்துக்காட்டி வந்திருக்கிறேன். 'காலதாமதமின்றி' என்றால் எத்தனை நாள் என்று எந்த ஆணையிலும் இல்லை. அப்படி இல்லாததால்தான் அந்தச் சொல் இத்தனை காலம் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் விதிப் புத்தகத்தில் நிலைத்திருக்கிறது என்பது ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தோன்றிய கருத்து. பணியில் இருக்கும்போது நமக்குக் கருத்து கிடையாது, குறிப்பு மட்டும்தான்.

வேங்கிக்காலில் என் வீட்டு எழுதுமேசை மேல் ஒரு பொம்மை ஜீப் நிற்கிறது. வெளிநாட்டில் வார்த்த பழைய உலோகப் பொம்மை. உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் எடுத்துப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். தீயணைப்பு அதிகாரி முன்னால் போவதற்கான வண்டி அது. சிவப்பு வண்ணம் ஓரங்களில் தேய்ந்து ஈயச் சாம்பல் தெரிகிறது. இடது கதவு திறக்கும், வலது கதவு திறக்காது. முன்பக்கம் மிளகளவில் ஒரு மணி. லேசாகத் தள்ளினால் மேசையின் மறுவிளிம்பு வரை சத்தமில்லாமல் ஓடும்.

அதைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் ஓட்டுநராக இருந்தவர். நிலையத்திலும் அலுவலகத்திலும் அவர் எல்லோருக்கும் பாய்தான். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், குளியலறைக்குள் சாரைப்பாம்பு புகுந்துவிட்டதென்று நிலையத்துக்குத் தகவல் சொல்லியனுப்பினார். பாயும் இன்னொருவரும் போய்ப் பிடித்துக் காட்டில் விட்டார்கள். ஊர் திரும்பும் அன்று அந்தக் கிழவர் நிலையத்துக்கே வந்து, தான் சிறுவயது முதல் வைத்திருந்ததாகச் சொல்லி இந்தப் பொம்மையைப் பாயின் கையில் வைத்துவிட்டுப் போனாராம். பாய் அதைத் தன் பொறுப்பில் இருந்த ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே நிறுத்தி வைத்தார். அது நிலையத்தின் உண்மையான ஜீப். அதே சிவப்பு, அதே பெட்டி உருவம். ஒரு காலத்தில் தீபத் திருவிழாவின்போது மாட வீதிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பின்னால் வரும் பெரிய வண்டிக்கு வழி செய்தது. நான் சொல்லும் காலத்தில் அதன் இன்ஜின் போய், நிலைய வளாகத்துப் புங்கமரத்தடியில் நின்றது. ஓடாவிட்டாலும் ஏலத்துக்குப் போகும் வரை அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர்தான் பாய். தினமும் காலை அணிவகுப்பு முடிந்ததும் அதைத் துடைப்பார். பிறகு ஓட்டப் பதிவேட்டில் 'ஓடிய தூரம்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அவர் மனைவி ஆம்பூரில் தன் தங்கை வீட்டில் இருந்தார். அந்த அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தார், பிறகு தெருவை, பிறகு அக்கம்பக்கத்து ஆட்களை. ஆம்பூருக்கு மாறுதல் கேட்டு பாய் மனு கொடுத்தபோது நான்தான் அந்தக் கோப்பை எழுதினேன். மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்தின் ஊழியர் விவகாரப் பிரிவுக்கு அப்போது நான் கண்காணிப்பாளர். மாறுதல் கிடைத்துவிட்டது. ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா நிறைய வாங்கிவந்து பிரிவு முழுக்கக் கொடுத்தார்.

"இன்னும் என்னைத் தெரியுது சார் அவளுக்கு," என்றார் என் மேசை முன் நின்று. "மத்தவங்க பேரெல்லாம் போயிடுச்சு. தெரியறப்பவே போய்ச் சேர்ந்துடணும்."

"போயிடலாம் பாய். பொறுப்பை ஒப்படைச்சுட்டு வாங்க, அன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன்," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஜீப்பின் பொருள் பட்டியலில் 'பித்தளை மணி, ஒன்று' என்றிருந்தது. ஜீப்பில் மணி இல்லை. சைரன் வந்த பிறகு மணிக்கு வேலை இல்லாமல் போக, எப்போதோ ஒரு நிலைய அலுவலர் அதைக் கழற்றி, ஆட்களைக் கூப்பிட வசதியாக வராந்தாவில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சும்மா தொங்கவிட்டிருந்தால் பரவாயில்லை. 'அழைப்பு மணி, ஒன்று' என்று நிலையத்தின் பொருள் பதிவேட்டிலும் ஏற்றியிருந்தார். ஜீப் பட்டியலில் அடிக்கவில்லை. ஆக, ஒரே மணி இரண்டு பதிவேட்டில். ஜீப்பில் திரும்ப மாட்டினால் நிலையத்தில் ஒன்று குறையும், நிலையத்தில் விட்டால் ஜீப்பில் ஒன்று குறையும். பொறுப்பை ஏற்க வேண்டிய புது ஓட்டுநர், "மணி இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு என்னைக் கேப்பாங்க," என்று பேனாவை மூடிவிட்டார்.

இங்கேதான் நான் அதைச் செய்தேன். என் மட்டத்தில் ஒரு குறிப்பு எழுதி, ஒரு பதிவேட்டில் அடித்துச் சுருக்கொப்பமிட்டிருந்தால் பத்து நிமிட வேலை. அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் இரட்டைப் பதிவு ஒன்றைக் கண்டுபிடித்த பெருமையில், மேலே தலைமை அலுவலகத்துக்கு ஒன்றரைப் பக்கத்தில் தெளிவுரை கேட்டு எழுதினேன். நல்ல கடிதம். இன்று படித்தாலும் ஒரு கமா மாற்ற வேண்டியிருக்காது. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்: கேட்காத வரை முடிவெடுக்கலாம். கேட்ட பிறகு, பதில் வரும் வரை கேட்டவருக்கும் கைகட்டுதான்.

பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று அனுப்பினேன், பிறகு இரண்டு, பிறகு எண்ணிடுவதை விட்டுவிட்டு 'தொடர் நினைவூட்டு' என்று தலைப்பிட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டால், "ஃபைல் புட்டப் ஆயிடுச்சு சார்," என்பார்கள், அதாவது கோப்பு மேலதிகாரியின் மேசைக்குப் போய்விட்டதாம். பாய் பௌர்ணமிதோறும் கிரிவலப் பணி முடித்துக் கால் வீங்கி வந்து நிற்பார். வார ஓய்வில் ஆம்பூர் போய் வருவார். ஒருமுறை, "நேத்து என் பேரைச் சொல்ல ரெண்டு தடவை யோசிச்சா," என்றார். இன்னொருமுறை, "பேர் வரலை. ஆனா கையைப் பிடிச்சுக்கினா," என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நாள் விவரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவார், பதிவேட்டில் எழுதுவதைப் போல.

ஒருநாள் நானே நிலையத்துக்குப் போனேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து மணி தொங்கிய தூணுக்கு நடந்து பார்த்தேன். பதினான்கு அடி. திரும்பி வந்து என் அதிகாரியிடம், தெளிவுரைக் கடிதத்தைத் திரும்பப் பெறலாமா என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "மேல போன லெட்டரை வாபஸ் வாங்க முடியாதுனு போன வருஷம் எனக்குக் கிளாஸ் எடுத்ததே நீங்கதானே?"

விதி எண்ணைக்கூட நான் சொல்லியிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் பாய் வந்தார். சட்டைப்பையிலிருந்து இந்தப் பொம்மையை எடுத்து என் மேசையில் வைத்து விரலால் தள்ளினார். அது கோப்புகளுக்கு நடுவே ஓடிவந்து என் மைக்கூட்டில் முட்டி நின்றது.

"பாருங்க சார். சிவப்பு வண்டி. நாலு சக்கரம். மணியும் இருக்குது. நம்ம வண்டி மாதிரி இல்லை, ஓடவும் ஓடுது. வாங்கிக்கினு என்னை விட்டுடுங்க."

பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை என்பதை நான் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"பாய், பதில் வந்துடும்..."

"வரும் சார். ரசீது ஒண்ணு குடுங்க, போதும்," என்று சொல்லிவிட்டு, ரசீதுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ஆட்களை வெளியே விடாமல் வைப்பதற்குச் சுவரும் பூட்டும் வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் புங்கமரத்தடிக்கு வேலிகூட இல்லை. அவர் எந்த நேரமும் பேருந்து ஏறிப் போயிருக்கலாம். போனால் பணியைக் கைவிட்டவர், அதற்குத் தனி விதி. நீண்ட விடுப்புக் கேட்டார். பொறுப்பை ஒப்படைக்காதவருக்கு நீண்ட விடுப்பு இல்லை என்று எழுதியதும் நான்தான். விருப்ப ஓய்வுக்கும் அதே ஒப்படைப்புச் சான்று வேண்டும். ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்த்தோம். எல்லாக் கதவிலும் வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது என் கையெழுத்துதான்.

கடைசியில் அவரை விடுவித்தது வயதுதான். ஓய்வு பெறும் நாளில் மட்டும் ஒப்படைப்பு முடியாவிட்டாலும் ஊழியரை வைத்திருக்க முடியாது. மாதத்தின் கடைசி நாள் பிற்பகல், நிலையத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். வராந்தாவில் அந்த மணியை அடித்துத்தான் எல்லோரையும் கூப்பிட்டார்கள். நான் பொம்மையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அவர் வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். பட்டியல்படி சரியா இருக்கற வண்டி அது ஒண்ணுதான்."

அன்று மாலையே ஆம்பூர் பேருந்தில் ஏறினார். மறுநாள் காலை அலுவலகத்தில் நான் உட்கார்ந்ததும் அவர் அழைப்பு வந்தது. குரல் நிதானமாக இருந்தது.

"வந்து சேர்ந்துட்டேன் சார். வாசல்ல நின்னேன். பார்த்தா. 'வாங்க, உக்காருங்க'னா. தண்ணி குடுத்தா. 'அவரு டூட்டிக்குப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு, இருந்து பார்த்துட்டுப் போங்க'னு சொல்றா சார்."

பிறகு, "உக்காந்திருக்கேன் சார்," என்று சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்குத் தபால் வந்தது. மேலே இருந்த உறையைப் பிரித்தேன். பொருள்: பித்தளை மணி, தெளிவுரை கோருதல், தொடர்பாக. இரண்டே வரி. 'மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மட்டத்திலேயே முடிவெடுத்துக்கொள்ளலாம்.' பெறப்பட்ட நாள் முத்திரையை எழுத்தர் குத்தினார். மை காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதத்தின் முதல் தேதி.