நான்காம் மாடிக்குக் கடல்நீர்

விதி 19: "உறுப்பினர் எழுத்து மூலம் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு நிர்வாகக் குழு பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். தவறினால், விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்."

திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்க விதிகளில் ஒன்று இது. அந்த விதிகள் முழுவதையும் எழுதியவன் நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளில் குறிப்பெழுதிய கை, ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்க மறுத்தது.

மீன் வந்ததும் ஏறக்குறைய அதே கோளாறால்தான். கொளத்தூர் வண்ணமீன் கடையில் அதைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், ஊசிபோல நீண்ட வாய். கடைக்காரர் விற்க விரும்பவில்லை.

"இது வேணாம் சார். கடல் மீனு, எதையும் தின்னாது. பத்து நாள் தாங்காது. உங்க வயசுக்கு தங்கமீன் ரெண்டு வாங்கிட்டுப் போங்க."

என் வயதுக்கு எந்த மீன் பொருத்தம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு எந்த ஆணையின்படி கிடைத்தது என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்னது உண்மை. பொட்டலத் தீனியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறைந்த இறாலை ஒருமுறை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. ஏழாம் நாள் காலை, எங்கள் மாடிகளுக்கு மீன் விற்க வரும் காசிமேட்டு அம்மாளிடம், அன்னக்கூடையைக் கிளறி, இருப்பதிலேயே சிறிய இறாலாகக் கேட்டேன். எதற்கென்றும் சொன்னேன்.

"இன்னா சாரு, மீனு துன்றதுக்கு மீனு வாங்கறியா? இத்தினி வருசமா மனுசாளுக்குத்தான் வித்துகினு கீறேன்." உள்ளே வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தார். "மூக்கு நீட்டமா கீது பாரு. இது நோண்டித் துன்ற ஜாதி. மட்டி எட்தாறேன். வாயத் தொறந்து ஓட்டோட உள்ள வுடு."

மறுநாள் உயிருள்ள மட்டிச் சிப்பி வந்தது. கத்தியால் பிளந்து, சதை மேலே தெரியும்படி இரண்டு கற்களுக்கிடையே செருகி வைத்தேன். மீன் அரைமணி நேரம் தணிக்கைக்கு வந்த அதிகாரியைப் போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு கொத்து. பிறகு இன்னொன்று. பத்தாம் நாள் கடைக்காரருக்குத் தொலைபேசியில் தகவல் தெரிவித்தேன். அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த சிக்கல் தண்ணீர். எங்கள் குழாய்த் தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்துப் பார்த்தேன். மீன் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. எங்கள் கரையில் அள்ளும் தண்ணீரில் மீன் வளர்க்கலாம் என்று நினைப்பவர் எங்கள் கரையைப் பார்த்ததில்லை. ஆகவே அந்த அம்மாளின் கணவர் படகில் ஆழ்கடலுக்குப் போகும்போது, வாரம் இரண்டு கேன் சுத்தமான கடல்நீர் மொண்டு வந்தார். கேனுக்கு இருபது லிட்டர். ஷேர் ஆட்டோவில் வாசல்வரை வரும். அங்கிருந்து அந்த அம்மாள் ஒவ்வொன்றாக நான்கு மாடி ஏற்றுவார்.

ஒருநாள் இரண்டாவது கேனை இறக்கிவைத்துவிட்டு என் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"லிப்டு சும்மா போயினு வந்துனு கீது. நாங்க ஏறக்கூடாதுன்னு எவன் சாரு ரூலு போட்டான்? அவன் காலு வெளங்காம போவ."

விதி 11: "மீன் கூடை, உப்புநீர் சொட்டும் பாத்திரம் ஆகியவற்றை மின்தூக்கியில் ஏற்றலாகாது." முதல் மாடியில் யாரோ நாற்றம் என்று புகார் சொன்னார்கள். நான்கு நிமிடத்தில் எழுதியது. சொற்சிக்கனத்துக்காக என்னையே பாராட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அந்த அம்மாள் அதன்படிதான் படி ஏறியிருக்கிறார்.

"நான்தாம்மா போட்டேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச ஆளாச்சே சாரு நீ" என்றார். முழங்காலைத் தேய்த்தபடி எழுந்தார். "எனக்கு முட்டி பூட்ச்சி. கூடைய தூக்கினு ஏறவே உசுரு போவுது. இனிமே கேன கேட்டாண்ட வெச்சிட்டுப் பூடுவேன். ரூலு போட்ட கையாலயே தூக்கினு போ."

என் முழங்கால்களில் ஒன்று ஏற்கெனவே அறுவை செய்யப்பட்டது. தண்ணீரைச் சிறு பாட்டில்களில் பிரித்து, காலை முழுவதும் படியிலேயே ஏறி இறங்கி, வாரத்துக்கு அரைக் கேன் ஏற்ற முடிந்தது. மார்கழி முதல் வாரத்தில், விதி 11-ஐ அடியோடு நீக்கக் கோரி இரு படிகளில் விண்ணப்பம் எழுதி, ஒன்றில் ஒப்புகைக் கையெழுத்தும் பெற்றுக்கொண்டேன்.

பத்து நாட்கள் பதிலில்லை. அதற்குள் தொட்டித் தண்ணீர் மங்கியது. மீனின் செம்புப் பட்டைகள் வெளிறின. மட்டியின் அருகில் வரும், கொத்தாமல் திரும்பிவிடும்.

பன்னிரண்டாம் நாள், இரண்டாம் மாடியில் குடியிருக்கும் சங்கச் செயலாளர் படிக்கட்டில் என்னை மடக்கினார்.

"எதுக்கு சார் பேப்பரெல்லாம்? உங்களுக்கு மட்டும்னா நான் வாட்ச்மேன்கிட்ட சொல்லிடறேன். கேனை ஏத்திக்குங்க."

"அந்தம்மாவோட கூடை?"

"அது வேற. அதை விட்டா அப்புறம் எல்லாம் ஏறும்."

"ஏறட்டும்."

"நீங்க போட்ட ரூல் சார்."

"தப்பாப் போட்டேன்."

"இப்ப மீன் முக்கியமா, ரூல் முக்கியமா?"

சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று மாலையே முழுத் தண்ணீரும் மேலே போயிருக்கும். சொல்லவில்லை. பாட்டிலோடு மேலே போனேன். அன்றும் மீன் சாப்பிடவில்லை.

மறுநாள் வாசலில் அந்த அம்மாளிடம் இதைச் சொன்னபோது பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை.

"லூசா சாரு நீ? மீனு சாவப்போவுது. ஏத்திக்கினு போறத வுட்டுட்டு வீம்பு புட்ச்சினு கீற." சொல்லிக்கொண்டே கேனைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"முட்டி வலிக்குதுன்னியே."

"எம் முட்டிய நான் பாத்துக்கறேன். நீ உன் ரூல பாரு."

அந்த ஒரு கேன் மீனை மூன்று நாள் தாங்கியது.

பதினாறாம் நாள் காலை, விதி 19-இன் நகலையும் ஒப்புகைப் படியையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஆட்டோ வந்தது. காவலாளி இரண்டு கேன்களையும், கூடையையும், என் காகிதங்களையும் வரிசையாகப் பார்த்தார்.

"நான் மோட்டார் போடப் போறேன் சார். எதையும் பாக்கல" என்று பின்பக்கம் போய்விட்டார்.

கேன்களை மின்தூக்கிக்குள் நகர்த்திவிட்டு நானும் ஏறினேன். காலெடுத்து வைக்க அந்த அம்மாள் தயங்கினார். பிறகு ஏறி, எதிரே தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, "கண்ணாடி வேற கீதா" என்று முந்தானையைச் சரிசெய்தார். இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. கையில் பையோடு செயலாளர் நின்றார். நான் காகிதத்தை நீட்டி வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் கூடையை நகர்த்தினார்.

"வா நைனா, எடம் கீது."

செயலாளர் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

அன்று தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினேன். மறுநாள் மீன் மட்டியைப் பார்த்தது. அதற்கு மறுநாள் கொத்தியது.

அதன் பிறகு தினமும் காலை கூடை மின்தூக்கியில்தான் வந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் அனுமதிக்கவும் இல்லை. மற்ற மாடிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்தபடியே வஞ்சிரம் வாங்கினார்கள். குழு கூடியதாகவும் முடிவெடுக்காமல் கலைந்ததாகவும் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் அந்த அம்மாள் மட்டியோடு ஓர் உறையையும் நீட்டினார். "வாட்ச்மேன் குட்த்தாரு. லிப்டுலதான போற, குட்த்துடுன்னாரு."

ஒரே பத்தி. "தங்கள் விண்ணப்பம் குழுவின் பரிசீலனையில் உள்ளது. முடிவு எடுக்கப்படும்வரை தற்போதைய நிலையே தொடரும்."

"இன்னா போட்டுக்கீறான்?"

"இப்ப இருக்கிறபடியே இருக்கணுமாம்."

"அத சொல்றதுக்கா இத்தினி நாளு?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்கு நடந்தார்.

மட்டியைப் பிளந்து தொட்டியில் வைத்தேன். மீன் உடனே வந்தது. கடிதத்தில் தேதி போட மறந்திருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, பெறப்பட்ட நாளை ஓரத்தில் நானே எழுதினேன்: மாசி 14, செவ்வாய்க்கிழமை.